ஓ.டி.பி. சொல்லுங்க மாமா!

கள்ளக்குறிச்சிப் பக்கம் இப்போதெல்லாம் வேலைக்குப் போகாமலே வேலைக்குப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். காலை ஒன்பதரைக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. அம்மா கொண்டுவந்து வைக்கிற காபியை காமிராவுக்குத் தெரியாமல் உறிஞ்சிக்கொண்டே சென்னைக் கம்பெனிக்கு பில் போடுகிறார்கள், பெங்களூர் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறார்கள், முகம் தெரியாத அமெரிக்கருக்கு எக்ஸெல் ஷீட்டில் கூட்டல் போட்டுக் கொடுக்கிறார்கள். கொரோனாவில் ஆரம்பித்த பழக்கம். கொரோனா போய்விட்டது, லுங்கி போகவில்லை.

இவர்களில் நிறையப் பேர் கம்பெனி ஊழியர் கிடையாது. பி.எஃப். இல்லை, தீபாவளி போனஸ் இல்லை. மாதாமாதம் பில் கொடுத்துக் காசு வாங்குகிற கான்ட்ராக்டர்கள். இந்த வார்த்தையால் கல்யாண மார்க்கெட்டில் ஒரு குழப்பம். தியாகதுருகத்தில் பெண் பார்க்கப் போன நண்பன், "கான்ட்ராக்டரா இருக்கேங்க" என்று அடக்கமாகச் சொல்ல, பெண்ணின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "எத்தன ஜே.சி.பி. வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். லேப்டாப் ஒன்று இருக்கிறது, அதுவும் இ.எம்.ஐ.யில் என்று தெரிந்ததும் உள்ளேயிருந்து வர வேண்டிய கேசரி வரவில்லை. காராசேவோடு முடிந்தது.

சிரிப்பு இருக்கட்டும். இந்த ஜே.சி.பி. இல்லாத கான்ட்ராக்டரிடம் கம்பெனி என்ன கொடுத்து வைத்திருக்கிறது? கணக்குப் புத்தகம், கஸ்டமர் லிஸ்ட், பாங்க் ஸ்டேட்மென்ட். அதாவது கல்லாப்பெட்டி. அதைத் திறக்க அவரிடம் இருப்பது ஒரே ஒரு பாஸ்வேர்ட். அதன் லட்சணம் உங்களுக்கே தெரியும். குலதெய்வத்தின் பெயர், ஒரு 'அட்' குறி, பிறகு 123. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லி கம்பெனி கறாராக மெயில் அனுப்பினால் 124. அதே குலதெய்வத்தைத்தான் கரன்ட் பில்லுக்கும், ரயில் டிக்கெட்டுக்கும், கம்பெனி சர்வருக்கும் காவல் நிறுத்தியிருப்பார். எங்காவது ஓரிடத்தில் திருடு போனால் எல்லா இடத்திலும் சாமி மலையேறிவிடும்.

"நம்ம கம்பெனில என்ன இருக்கு, எவன் வந்து திருடப்போறான்?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு ஏ.ஸி. மெக்கானிக் கதை சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் டார்கெட் என்று ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற பெரிய கடை. 2013 கிறிஸ்துமஸ் கூட்டத்தில், அங்கே சாமான் வாங்கிய சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் களவு போயின. திருடர்கள் டார்கெட்டின் வாசல் கதவை உடைக்கவில்லை. ஃபேஸியோ மெக்கானிக்கல் என்று ஒரு சின்ன கம்பெனி, குளிர்சாதன வேலைகளைக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர்கள், அவர்களுக்கு பில் அனுப்புவதற்காக டார்கெட் ஒரு லாகின் கொடுத்திருந்தது. அதைத் திருடி அது வழியாக உள்ளே போனார்கள். 2017-ல் 47 மாநில அரசுகளுக்கு டார்கெட் கட்டச் சம்மதித்த தொகை 1.85 கோடி டாலர். ஏ.ஸி. ரிப்பேர் பில் எவ்வளவு என்று எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

கான்ட்ராக்டர் கெட்டவர் என்பதல்ல இதற்கு அர்த்தம். கான்ட்ராக்டர் வீட்டுத் திண்ணையில் சாவியை வைத்துவிட்டு கம்பெனி வாசலில் கூர்க்காவை நிறுத்திப் பிரயோசனமில்லை என்று அர்த்தம்.

*

அதனால்தான் இரண்டாவது பூட்டு. கம்ப்யூட்டர்காரர்கள் 'டூ ஃபேக்டர்' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, சமாச்சாரம் பழசு. உங்களுக்குத் தெரிந்த ஒன்று, உங்கள் கையில் இருக்கிற ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஏ.டி.எம். இதுதானே? கார்டு கையில், நம்பர் மண்டையில்.

1967 ஜூன் 27-ம் தேதி லண்டனுக்குப் பக்கத்தில் என்ஃபீல்டில் பார்க்லேஸ் பாங்க் வைத்த மெஷினை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்ட் பேரன். நம்ம ஷில்லாங்கில் பிறந்தவர். ரகசிய நம்பரை ஆறு இலக்கமாக வைக்கத்தான் நினைத்தாராம். சாப்பாட்டு மேஜையில் மனைவியிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் நாலுக்கு மேல் ஞாபகம் இருக்காது என்று சொல்ல, உலகத்தில் கோடிக்கணக்கான பேருக்கு நாலு இலக்கமே நிலைத்துவிட்டது. மனைவியைக் கேட்டு வேலை செய்தால் வரலாறு எளிமையாகும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

நம் நாட்டில் இந்த விஷயத்தில் ரிசர்வ் வங்கி கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. கார்டைக் காட்டாமல் ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று 2009 ஆகஸ்ட் 1 முதல் கொண்டுவந்தது. வெளிநாட்டில் பல இடங்களில் கார்டு நம்பரை மட்டும் வைத்துச் சாமான் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அதன் பலன், இன்று எங்கள் ஊர் மார்க்கெட்டில் தக்காளி விற்கிற அம்மாவுக்கும் ஓ.டி.பி. தெரியும். அதன் பக்கவிளைவு, ஓ.டி.பி. என்றால் செல்போனில் வருகிற எஸ்.எம்.எஸ். மட்டும்தான் என்று நாடே நினைத்துக்கொண்டிருக்கிறது. வம்பு இங்கேதான் ஆரம்பம்.

*

எனக்கு மாமா முறை ஆகிறவர் ஒருவர் சின்னசேலம் பக்கத்தில் சேகோ ஃபேக்டரி வைத்திருக்கிறார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரி லாரியாக இறங்கும். இங்கே அரைத்து ஜவ்வரிசியாக்கி மகாராஷ்டிரத்துக்கு அனுப்புவார். அங்கே விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுவார்கள். அவர்கள் பட்டினி கிடந்தால் மாமாவுக்கு வியாபாரம்.

ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்ட வேண்டுமானால் இ-வே பில் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் இப்படித்தான். இந்த பில் போடுகிற பையன் ஃபேக்டரியில் இல்லை. மலைமேல், வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே ஒரு சிற்றூரில் இருக்கிறான். பி.காம். முடித்துவிட்டு கள்ளக்குறிச்சியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவன், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்கே போய்விட்டான். மாமா நல்ல மனுஷன், "அங்கேருந்தே போடுறா" என்று விட்டுவிட்டார். கிழங்கு கீழே இறங்குகிறது, பில் மேலே தயாராகிறது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் இரண்டாவது பூட்டு வந்தது. இ-வே பில், இ-இன்வாய்ஸ் இரண்டுக்கும் டூ ஃபேக்டர் கட்டாயம் என்று படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். 100 கோடிக்கு மேல் வியாபாரம் செய்கிறவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 20. அடுத்து 2025-ல் ஜனவரி 1 முதல் 20 கோடிக்கு மேல், பிப்ரவரி 1 முதல் 5 கோடிக்கு மேல், ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் என்று அறிவிப்பு.

மாமா கம்பெனிக்கு ஒரே ஒரு லாகின். பதிந்திருந்தது மாமாவின் செல் நம்பர். இனி நடந்ததைக் கேளுங்கள்.

லாரியில் மூட்டை ஏறிவிட்டது. மலைமேல் பையன் பாஸ்வேர்டைத் தட்டுகிறான். ஓ.டி.பி. மாமா போனுக்குப் போகிறது. அன்றைக்குப் பார்த்து பௌர்ணமி. மாமா திருவண்ணாமலையில் கிரிவலம், போன் வீட்டில். பையன் மேனேஜருக்குச் சொல்ல, மேனேஜர் வீட்டுக்குப் போன் போட, அத்தை எடுக்கிறார். கண்ணாடி இல்லாமல் அத்தைக்கு எழுத்து தெரியாது. பேரனைக் கூப்பிடுகிறார். பேரன் அந்தப் போனில் விளையாட வேண்டிய விளையாட்டு தடைபட்ட கோபத்தில் கடகடவென்று ஆறு இலக்கத்தை ஒப்பிக்கிறான். மேனேஜர் அதைப் பையனுக்கு அனுப்ப வேண்டுமே? அவசரத்தில் ஃபேக்டரி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். அதில் 37 பேர். டிரைவர்கள், புரோக்கர், மூட்டை தைக்கிறவர், போன வருஷம் சண்டை போட்டுக்கொண்டு போன பழைய அக்கவுன்டன்ட் உட்பட. அவரை குரூப்பிலிருந்து யாரும் எடுக்கவில்லை. மரியாதையாக ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார்.

இத்தனைக்கும் அந்த எஸ்.எம்.எஸ்.ஸிலேயே, இதை யாரிடமும் பகிர வேண்டாம் என்று எழுதியிருக்கும். மூன்று பேர் வாய் வழியாக வந்து 37 பேர் கண்ணில் பட்ட ரகசியம், பையன் தட்டுவதற்குள் காலாவதி ஆகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. லாரி கிளம்பும்போது ராத்திரி பதினொன்று.

தினமும் ஒரு பில் என்றால் சமாளிக்கலாம். தினமும் பத்து. "ஓ.டி.பி. சொல்லுங்க மொதலாளி" என்று மேலேயிருந்து ஒரு குரல், "ஓ.டி.பி. சொல்லுங்க மாமா" என்று மேனேஜரிடமிருந்து ஒரு குரல். மேனேஜரும் உறவுதான். கடைசியில் மாமா அலுத்துப்போய், "எவன் கேட்டாலும் சொல்லிடும்மா" என்று அத்தைக்கு உத்தரவு போட்டுவிட்டார். எனக்குப் பகீர் என்றது அந்த இடத்தில்தான். சைபர் திருடர்களுக்கு வேறு என்ன வேண்டும்? அவர்களும் கேட்கத்தானே போகிறார்கள்!

*

இதற்கு முதல் மருந்து காசில்லாத மருந்து, போர்ட்டலிலேயே இருக்கிறது. சப்-யூஸர். பையனுக்குத் தனி லாகின், அவன் நம்பருக்கே தனி ஓ.டி.பி. அவன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று முதலாளி டிக் அடித்துக்கொள்ளலாம். நாளைக்கு அவன் வேலையை விட்டுப் போனால் அவன் லாகினை மட்டும் முடக்கிவிடலாம். எல்லோரும் ஒரே சாவியை வைத்துக்கொண்டிருந்தால், எது நடந்தாலும் 'மாமாதான் செய்தார்' என்றுதான் ரெக்கார்டில் நிற்கும். ஆடிட்டிங் படித்தவனுக்கு இதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.

சப்-யூஸர் போட்டாயிற்று. மறுநாள் பையன் போன் செய்தான். "அண்ணே, ஓ.டி.பி. வருதுண்ணே. ஆனா பாறைக்கு வருது."

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை. சுதந்திரம் கீழே வந்து 29 வருஷம் கழித்துத்தான் மேலே ஏறியது. சிக்னலும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கிப்போகும். பையன் வீட்டில் மூங்கில் கழியின் உச்சியில் ஒரு 4ஜி ரூட்டரைக் கட்டி நெட் பிடித்திருக்கிறான். அது ஒரு கம்பெனி சிம். அவன் சொந்த நம்பர் இன்னொரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு வீட்டில் சிக்னல் கிடையாது, கால் கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறைமேல் ஏறினால் உண்டு. ஆக லேப்டாப் வீட்டில், ஓ.டி.பி. பாறையில். பாறைக்கு ஓடி, நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, திரும்ப ஓடி வர வேண்டும். மழை வந்தால் உள்ளங்கையும் போச்சு.

"நம்பரை மாத்திக்க வேண்டியதுதானே?" என்று மேனேஜர் கேட்டார். பாங்க், ஆதார், கேஸ், அப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாம் அந்த நம்பரில் இருக்கிறது. கீழே டவர் கீழே உட்கார்ந்துகொண்டு கேட்கிறவர்களுக்கு இது புரியாது. பையனுக்குள்ளே ஓடிக்கொண்டிருந்த பயம் வேறு. லாரி நாலு தடவை நின்றால், "இவன் சரிப்பட மாட்டான், கீழேயே ஒரு ஆளைப் போடு" என்று மாமா சொல்லிவிடுவாரோ? சம்பளம் போனால் மறுபடி கள்ளக்குறிச்சி ரூம், அப்பா மலைமேல் தனியாக. ஆறு இலக்கம் வந்து சேராததால் ஒரு வேலை போவது என்பது ஏதோ சினிமாக் கதையில்லை.

*

இங்கேதான், எஸ்.எம்.எஸ். என்கிற டவர் ஊழியம் இல்லாமலே இரண்டாவது நம்பர் கிடைக்கும் என்கிற சங்கதி வருகிறது. முதலில் கேட்டபோது பையன் நம்பவில்லை. "நெட்டும் இல்லாம, டவரும் இல்லாம நம்பர் எங்கேருந்துண்ணே வரும்?" நியாயமான கேள்வி.

பஞ்சாங்கம் எங்கிருந்து வருகிறது? சங்கராபுரத்தில் ஒரு ஜோசியர், வெள்ளிமலையில் ஒரு ஜோசியர். இருவரும் ஒரே பிரஸ்ஸில் அச்சடித்த பஞ்சாங்கம் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒன்றையே சொல்வார்கள். ஒருவருக்கொருவர் போன் பண்ணிக் கேட்டா சொன்னார்கள்? புத்தகம் ஒன்று, தேதி ஒன்று, அதனால் விடையும் ஒன்று.

ஆதென்டிகேட்டர் ஆப் என்பது, உலகத்தில் இரண்டே பிரதி அச்சடித்த பஞ்சாங்கம். ஒரு பிரதி கம்பெனி சர்வரில், மற்றது உங்கள் செல்போனில். முதல் நாள் ஒரு கட்டம் கட்டமான க்யூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்கிறீர்களே, அப்போதுதான் உங்கள் பிரதி கைக்கு வருகிறது. நிஜத்தில் அது புத்தகமில்லை, நீளமான ஒரு ரகசிய எண். 1970 ஜனவரி 1 முதல் எத்தனை முப்பது விநாடிகள் ஓடியிருக்கின்றன என்று இரு பக்கமும் எண்ணி, அதையும் ரகசிய எண்ணையும் சேர்த்து அரைக்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்துவிட்டால் அந்த மாவைப் பார்த்துக் கிழங்கின் உருவத்தைச் சொல்ல முடியாது அல்லவா, அந்த மாதிரி அரைப்பு. அதிலிருந்து ஆறு இலக்கம் எடுக்கிறார்கள். முப்பது விநாடிக்கு ஒரு தரம் நம்பர் மாறும். பாதாளத்தில் உட்கார்ந்திருந்தாலும் மாறும். தேவை, செல்போனில் கடிகாரம் ஏறத்தாழ சரியாக ஓட வேண்டும் என்பது மட்டுமே.

இந்தக் கணக்கு யாருடைய சொத்தும் இல்லை. 2011-ல் ஆர்.எஃப்.சி. 6238 என்ற எண்ணில் பொதுத் தரமாக வெளியானது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பயன்படுத்தலாம். கூகுள் ஆதென்டிகேட்டர், மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர், ஃப்ரீ ஓ.டி.பி., ஏஜிஸ் எல்லாம் இந்தச் சாதிதான். விலை, பூஜ்யம்.

இ-வே பில்லுக்கே அரசாங்கம் இப்படி ஒன்றை வைத்திருக்கிறது. என்.ஐ.சி. ஜி.எஸ்.டி. ஷீல்ட் என்று பெயர். முப்பது விநாடிக்கு ஒரு நம்பர், நெட் வேண்டாம், டவர் வேண்டாம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எஸ்.எம்.எஸ்., சந்தேஷ் என்கிற அரசாங்க மெசேஜ் ஆப், இந்த ஷீல்ட், மூன்றில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நம் ஜனங்கள் முதலாவதைப் பார்த்ததோடு பக்கத்தை மூடிவிடுகிறார்கள். பையன் ஒரு நாள் அப்பாவுக்கு மாத்திரை வாங்கக் கீழே இறங்கியபோது, கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் நல்ல சிக்னலில் நின்று பதிவை முடித்துக்கொண்டு மலையேறினான். பாறைக்கு அதோடு ஓய்வு.

*

மாமாவின் கதை ஜி.எஸ்.டி. போர்ட்டலோடு முடிந்தது. சொந்தமாக சர்வர் வைத்து, பத்துப் பதினைந்து வெளி ஆட்களை உள்ளே விடுகிற கம்பெனிகளுக்கும் இதே பஞ்சாங்கம் பொருந்தும். இந்த இடத்தில் முதலாளிகள் ஒரு பாட்டுப் பாடுவார்கள். "அதெல்லாம் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் மாதிரி ஆளுங்களுக்குப்பா. நமக்குக் கட்டுப்படி ஆவாது."

ஒரு காலத்தில் கட்டுப்படி ஆகவில்லைதான். ஆர்.எஸ்.ஏ. என்கிற கம்பெனி சாவிக்கொத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு டப்பா விற்றது. அதில் நம்பர் மாறிக்கொண்டே இருக்கும். பெரிய கம்பெனி அதிகாரிகள் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிவார்கள். பாட்டரி தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டும். 2011-ல் அந்தக் கம்பெனியிலேயே திருடன் புகுந்து, சுமார் 4 கோடி டப்பாக்களை மாற்றித் தருகிறோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பூட்டுக் கடைக்கே பூட்டு சரியில்லை.

இன்றைக்கு அந்த டப்பாவின் வேலையை எல்லோர் பாக்கெட்டிலும் இருக்கிற செல்போன் செய்கிறது. ஓப்பன் வி.பி.என். போட்டு, ஆபீஸில் மூலையில் கிடக்கிற பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, கூகுள் ஆதென்டிகேட்டருக்கென்று இருக்கிற இலவச இணைப்பைச் சேர்த்துவிட்டால், வெளி ஆள் ஒவ்வொருவரும் பாஸ்வேர்டோடு ஆறு இலக்கமும் சொன்னால்தான் உள்ளே வர முடியும். தெரிந்த பையன் ஒருவன் உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அவனுக்கு பிரியாணி செலவு உண்டு. எனி டெஸ்க் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து டாலியில் வேலை செய்கிறவர்கள் ஏராளம். அந்த எனி டெஸ்க்கிலேயே, ஆளில்லாத கம்ப்யூட்டரைத் திறக்கிற பாஸ்வேர்டுக்கு மேல் இதே ஆறு இலக்கப் பூட்டைப் போட வசதி இருக்கிறது. செட்டிங்ஸ் பக்கம் யாரும் போவதில்லை.

"மூணு மாசம் இருந்துட்டுப் போறவனுக்கு எதுக்குய்யா தனிச் சாவி?" என்பது அடுத்த பாட்டு. மூன்று மாதத்தில் போகிறவனுக்குத்தான் வேண்டும்! நிரந்தர ஊழியர் ஓடிப்போனால் வீடு தெரியும். 2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் என்கிற எண்ணெய்க் குழாய் கம்பெனி சுமார் ஆறு நாள் முடங்கிக் கிடந்தது. ஜனங்கள் பெட்ரோல் பங்கில் க்யூ. திருடன் நுழைந்த வழி, யாருமே உபயோகிக்காமல் விட்டிருந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கு. பாஸ்வேர்ட் உண்டு, இரண்டாவது பூட்டு இல்லை. கொடுத்த கப்பம் 75 பிட்காயின், அன்றைய விலையில் 44 லட்சம் டாலர். எந்தக் கம்பெனியிலும், போன ஆளின் நாற்காலியைத் தூக்குகிற வேகத்தில் அவன் லாகினைத் தூக்குவதில்லை.

பூட்டு போட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். 2022 செப்டம்பரில் ஊபர் கம்பெனியில் இரண்டாவது பூட்டு இருந்தது. ஒரு கான்ட்ராக்டரின் பாஸ்வேர்ட் திருடன் கைக்குப் போயிற்று. இது நம்பர் தட்டுகிற வகையல்ல. 'நீங்கள்தானா?' என்று போனில் கேட்கும், 'ஆமாம்' என்று அமுக்க வேண்டும். திருடன் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தான். முதலில் மறுத்த அந்த கான்ட்ராக்டர் கடைசியில் ஒரு தரம் 'ஆமாம்' அமுக்கிவிட்டார். அவ்வளவுதான். நடு ராத்திரியில் யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால், தூக்கத்துக்காகத் திறந்துவிடுகிற மனுஷ சுபாவம். அதனால் சும்மா அமுக்குகிற வகையைவிட நம்பர் தட்டுகிற வகை மேல் என்பது என் கட்சி.

ஆறு இலக்கத்திலும் ஓட்டை உண்டு. அச்சு அசலாகக் கம்பெனி மாதிரியே போலிப் பக்கம் போட்டு, அதில் உங்களையே தட்ட வைத்துவிட்டால் முப்பது விநாடிக்குள் திருடன் அதை அசல் பக்கத்தில் தட்டிவிடுவான். இதற்குத்தான் யு.எஸ்.பி. சாவி, பாஸ்கீ எல்லாம் வந்திருக்கின்றன. அவை பக்கத்தின் முகவரியையே சரிபார்க்கும். போலிக்கு வாயைத் திறக்காது. கூகுள் 2017 முதல் தன் ஊழியர்கள் 85,000-க்கும் மேற்பட்டவர்களை இந்தச் சாவிக்கு மாற்றி, அதற்கப்புறம் ஒருவருடைய ஆபீஸ் கணக்கும் போலிப் பக்கத்தில் சிக்கவில்லை என்று 2018-ல் சொன்னது. ஆனால் சாவி ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். பாங்க் பணம் கையாளுகிற இரண்டு பேருக்கு மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும். பில் போடுகிறவருக்கு ஆப் போதும். எல்லோருக்கும் வைர மூக்குத்தி தேவையில்லை.

*

லுங்கி கான்ட்ராக்டர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி வேறு. "கம்பெனி ஆப்பை என் போன்ல போட்டா என் போட்டோ எல்லாம் பாப்பானுங்களா?" கடிகாரம் பார்த்துக் கணக்குப் போடுகிற ஆப்புக்கு உங்கள் போட்டோ தேவையில்லை. க்யூ.ஆர். பார்க்க காமிரா கேட்கும், அத்தோடு சரி. அதைவிட்டு, போனையே கம்பெனி கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்கிற சமாச்சாரம் எதையாவது போடச் சொன்னால், தாராளமாகக் கேள்வி கேளுங்கள். அவ்வளவு பயம் இருக்கிற கம்பெனி ஒரு யு.எஸ்.பி. சாவியை அதன் சொந்தக் காசில் வாங்கித் தரட்டும்.

போன் தொலைந்தால்? இது நிஜமான தலைவலி. பல இடங்களில் ஆப்பைப் பதியும்போதே பத்துப் பன்னிரண்டு மாற்று நம்பர்கள் கொடுப்பார்கள். அதைப் பேப்பரில் எழுதி பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில் வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற காரியம். அந்த க்யூ.ஆர். படத்தை மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அதைவிட மோசம். இரண்டே பிரதி இருக்க வேண்டிய பஞ்சாங்கத்தை பஸ் ஸ்டாண்டில் விற்றுவிட்டீர்கள்.

ரிசர்வ் வங்கியும் 2025 செப்டம்பரில் புது விதிகள் போட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்றது. பணப் பரிமாற்றத்துக்கு இரண்டு பூட்டு வேண்டும், ஆனால் இரண்டாவது எஸ்.எம்.எஸ்.ஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வேறு வழிகளும் இருக்கலாம் என்கிறது. ஆக டவர் ஊழியத்துக்கு இனி போட்டி உண்டு.

மாமாவிடம் இதையெல்லாம் விளக்கியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "மாசம் எவ்ளோ ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது மாமா."

"ஒண்ணும் ஆவாதுன்னா அதுல என்னமோ இருக்குதே மாப்ள!" என்று சந்தேகமாகப் பார்த்தார். பிறகு சம்மதித்தார். மேனேஜருக்கு ஒரு சப்-யூஸர், மலைக்கு ஒரு சப்-யூஸர், வாட்ஸ்அப் குரூப்பில் பழைய அக்கவுன்டன்டுக்கு விடை. எல்லாம் முடிந்து நாலாவது நாள் மாமாவிடமிருந்து போன். குரலில் கவலை.

"என்னப்பா, மூணு நாளா எனக்கு ஒருத்தனும் போன் பண்ணல. ஃபேக்டரி ஓடுதா இல்லையா?"